ட்ரீட்மென்ட் வேறு, கியூர் வேறு

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. கண்ணாடிப் பவர் மாற்றப் போனவரை டாக்டர் கூடுதலாக இரண்டு பரிசோதனைக்கு உட்காரவைத்திருக்கிறார். "ஐயா, இது கிளாக்கோமா. பயப்பட வேணாம், ட்ரீட்மென்ட் இருக்கு. ராத்திரி படுக்கப் போறப்ப ஒரு சொட்டு. விடாம போட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா பஸ் ஏறி செல்லூர் வந்து இறங்குவதற்குள் அந்தப் பேச்சு உருமாறிவிட்டது. அம்மாவிடம் அவர் சொன்னது இதுதான்: "கண்ணுல ஏதோ அழுத்தமாம். சொட்டு மருந்து விட்டா குணமாயிருமாம்."

மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் விட்டுக்கொண்டார். பார்வை முன்னைப் போலவேதான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "மருந்துல ஒரு குணமும் தெரியலையே" என்று நிறுத்திவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு சாயங்காலம் தெற்கு மாசி வீதியைக் கடக்கும்போது, இடப்பக்கமாக வந்த ஆட்டோ கிட்டே வந்து பிரேக் அடிக்கும்வரை அவருக்குத் தெரியவே இல்லை. மறுபடி பரிசோதனைக்குப் போனபோது ஓரப் பார்வையில் ஒரு பகுதி போயிருந்தது. போனது போனதுதான்.

கிளாக்கோமாவின் போக்கே அப்படி. பெரும்பாலானவர்களுக்கு வலிக்காது, கண் சிவக்காது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சிதைக்கும். பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து குறையத் தொடங்கும். சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைக்கும், மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கும், இழந்ததைத் திருப்பித் தராது. அந்த மூன்று மாதமும் பார்வை குறையாமல் இருந்ததே, மருந்திடம் எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். அதைத்தான் அப்பா குணம் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சுகாதாரத் துண்டறிக்கைகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள், ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் படிவங்கள் ஆகியவற்றைத் தமிழாக்குவது என் பிழைப்பு. ட்ரீட்மென்ட், கியூர், ரிலீஃப் என்று வரும் இடங்களில் எல்லாம் 'குணமாகும்', 'குணமடையும்' என்று பல வருடம் எழுதித் தள்ளியிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருவர் அந்தச் சொல்லால் பார்வையில் ஒரு பங்கை இழந்தபிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. அந்த ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் என்ன வாக்குக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க, நம் ஊர்ப் பேச்சில் இதற்கெல்லாம் ஏற்கெனவே சரியான சொற்கள் இருப்பதும், எழுதும்போது நாங்கள்தான் அவற்றை விட்டுவிடுகிறோம் என்பதும் தெரிந்தது.

ட்ரீட் என்பதிலிருந்து தொடங்கலாம். அதன் லத்தீன் வேருக்குக் கையாளுதல் என்று பொருள். நாடுகளுக்கு இடையே போடும் உடன்படிக்கையைச் சொல்லும் ட்ரீட்டியும், பிறந்தநாளுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் "ட்ரீட் வைடா" என்று கேட்பதும் அதே வேர்தான். எதையாவது கையில் எடுத்து நடத்துவதைச் சொல்கிற சொல் அது. எப்படி முடியும் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 'பத்து வருடம் ட்ரீட் செய்தார்கள், கியூர் ஆகவில்லை' என்பது ஆங்கிலத்தில் முரண் இல்லாத வாக்கியம். ட்ரீட்மென்ட் முயற்சி, கியூர் முடிவு.

சரி, தமிழில் இந்த வேறுபாடு இல்லையா? நன்றாகவே இருக்கிறது. "பத்து வருஷம் வைத்தியம் பார்த்தோம், தீரலை" என்று மேலூரிலும் உசிலம்பட்டியிலும் எந்தப் பாட்டியும் சொல்லுவார். பார்ப்பது ஒன்று, தீர்வது ஒன்று. "யார்கிட்ட பார்க்கிறீங்க?" என்றால் வைத்தியத்தைப் பற்றிய கேள்வி என்று எல்லாருக்கும் தெரியும். கிராமத்துப் பக்கம் பண்டுதம் பார்ப்பது என்பார்கள், அதிலும் பார்ப்பதுதான். கவனித்துக்கொள்வதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி சொல்வதில்லை. 'ட்ரீட்மென்ட் இருக்கு' என்பதற்குப் பதில் அந்த டாக்டர் "இதுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டே இருக்கணும்யா, தீராது, ஆனா கூடாமப் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் புரிந்திருக்கும். அவர் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைக்கும்தான். அந்த வாக்கியத்துக்கு எட்டாவதுகூட வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால் கியூரும் தொடக்கத்தில் முடிவைச் சொல்லவில்லை. லத்தீனில் கூரா என்றால் அக்கறை, பராமரிப்பு. அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் கியூரேட்டர் அந்தப் பழைய பொருளை இன்னும் சுமக்கிறார். தெரபி என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் நின்று பணிவிடை செய்வது என்று பொருள். நாம் சிகிச்சை என்று எழுதுகிறோமே, அதன் சமஸ்கிருத வேரும் கவனிப்பைத்தான் சொல்கிறது. இத்தனை மொழியிலும் மனிதர்கள் நோயாளியின் பக்கத்தில் இருப்பதற்குத்தான் முதலில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கியூர் மட்டும் காலப்போக்கில் நகர்ந்துபோய், நோய் அறவே நீங்குவது என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

பழைய பொருளைப் பார்க்க வேண்டுமானால் வீடு கட்டுகிற இடத்துக்குப் போக வேண்டும். கான்கிரீட் போட்ட மறுநாள் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, "ஏழு நாளாவது க்யூரிங் பண்ணணும்ண்ணே, விட்டுறாதீங்க, வெடிப்பு விட்டுரும்" என்கிறாரே, அது அதே கியூர். திண்டுக்கல் பக்கம் புகையிலையைப் பதப்படுத்துவதற்கும் கியூரிங் என்றுதான் பெயர். கெட்டுப்போகாமல், வெடிக்காமல், நாள்கணக்கில் விடாமல் கவனிப்பது. என் அப்பாவின் கண்ணுக்குத் தேவைப்பட்டது அந்தக் கொத்தனார் சொன்ன க்யூரிங்தான்.

ஹீல் தனி ஜாதி. அது ஆங்கிலத்தின் சொந்தப் பழைய சொல்; முழுமை என்று பொருள்படும் ஹோல் அதன் உறவுக்காரச் சொல். ஹெல்த்தும் அங்கிருந்து வந்ததுதான். டாக்டர் நோயைக் கியூர் செய்வார், நோயாளியை ட்ரீட் செய்வார், ஆனால் காயம் தானாக ஹீல் ஆகும். உடம்பு தன் பிளவைத் தானே மூடிக்கொள்வதைச் சொல்வதற்கு அந்தச் சொல் பொருந்துகிறது. தமிழில் இதற்குக் குணமாகும் என்று போடுவது எனக்கு இப்போதெல்லாம் பொறுக்கவே இல்லை. புண் ஆறும். சூடு ஆறும், மனசு ஆறும், துக்கம் கேட்டுவந்தவர் சொல்வது ஆறுதல். சர்க்கரை உள்ளவர் காலில் புண் வந்தால் வீட்டில் கேட்பது "குணமாயிருச்சா?" என்று இல்லை, "புண்ணு ஆறுதா?" என்றுதான். ஹீலிங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒவ்வொரு நோய்க்கும் தனியாக ஒரு வினைச்சொல் வைத்திருப்பது நம் பேச்சின் செல்வம். காய்ச்சல் விடும். வீக்கம் வற்றும். எலும்பு கூடும். வலி தணியும். இருமல் நிற்கும். கீழ மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் நின்றால், "சளி முறியணும், ஏதாச்சும் கொடுங்கண்ணே" என்று கேட்டு, சித்தரத்தையும் அதிமதுரமும் கண்டதிப்பிலியும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். அம்மை வந்தால் யாரும் குணமாக்குவது இல்லை. வேப்பிலை வைத்து, காத்திருந்து, இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சின்னம்மை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே ஓய்கிற நோய் என்று மருத்துவம் சொல்வதும், 'இறங்கிருச்சு' என்று பாட்டி சொல்வதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. ஆங்கிலத்திலும் இப்படித்தான், காய்ச்சலுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, புண்ணுக்கு ஒன்று என்று தனித்தனி வினை உண்டு. மொழிபெயர்க்கிற நாங்கள்தான் எல்லாவற்றின் மேலும் 'குணமடைதல்' என்று ஒரே வெள்ளையை அடித்துவிட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு. "அந்த மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கலை." மருந்து சொல்வதை நோய் கேட்கிறது, அல்லது கேட்காமல் அடம்பிடிக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் இதே உருவகம்தான் ரெஸ்பாண்ட் ஆவது. 'பேஷண்ட் ரெஸ்பாண்ட் பண்றார்' என்று ஐசியூ வாசலில் சொன்னால் குடும்பம் பிழைத்துக்கொண்டார் என்று கேட்டுக்கொள்கிறது. "மருந்துக்குக் கேட்குது" என்றால் மருந்துக்கு அசைவு இருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்று சரியான அளவில் மனசில் பதியும். எந்த மருத்துவக் கையேட்டின் தமிழிலும் இந்தச் சொல்லை நான் பார்த்ததில்லை. நான் எழுதியதிலும் இருந்ததில்லை.

குணம் என்ற சொல்லின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அதன் சிக்கல், அது இரண்டு வேலை பார்க்கிறது. முழுதாகத் தீர்ந்தாலும் குணம். கொஞ்சம் தேவலை என்றாலும் குணம். அப்பா குணம் தெரியவில்லை என்று மருந்தை நிறுத்தினார். காசநோயில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது: குணம் தெரிந்துவிட்டது என்று நிறுத்துகிறார்கள். வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் ஒரு மருந்துக் கூட்டு, அடுத்த நான்கு மாதம் இன்னொன்று. முதல் சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, சாப்பாடு இறங்கி, உடம்பு தேறும். கிருமி அப்போதும் உள்ளே இருக்கும். அந்தக் கட்டத்தில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்குக் கேட்காத கிருமியாக வளரும் வாய்ப்பும் உண்டு. அதனால்தான் காசநோய்ப் பதிவேட்டில் 'கியூர்டு' என்று ஒரு கட்டமும் 'ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்' என்று வேறொரு கட்டமும் இருக்கின்றன. முதலில் கிருமி இருந்தது சோதனையில் உறுதியாகி, முடிவில் சளிச் சோதனையிலும் கிருமி இல்லை என்று வந்தவர் முதல் கட்டத்தில் வருவார். மருந்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்தும் அந்தச் சோதனைச் சான்று இல்லாதவர் இரண்டாவதில் வருவார். தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த இரண்டு கட்டத்துக்கும் 'குணமடைந்தார்' என்றே போட்டால் அது மொழிபெயர்ப்பே இல்லை.

மருந்து என்ற சொல்லுக்கு வருகிறேன். இதில் நடந்த தவறு எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. 'நோ கியூர்' என்பதைத் தமிழில் 'மருந்து இல்லை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எச்ஐவி பற்றிய பேச்சில் இதைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. எச்ஐவியை உடம்பிலிருந்து அறவே நீக்கும் வழி பரவலாக வரவில்லை என்பது உண்மை. ஆனால் கிருமியை அடக்கிவைத்து முழு ஆயுள் வாழவைக்கும் கூட்டு மருந்து உண்டு. இந்திய அரசு 2004 ஏப்ரலிலிருந்து அதை இலவசமாகத் தருகிறது. நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் அதற்கென ஏஆர்டி மையம் இயங்குகிறது. தீர்க்கும் மருந்து இல்லை, அடக்கும் மருந்து இருக்கிறது என்று எழுத நான்கு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான். மருந்தே இல்லை என்று நம்பியவர் எதற்காகப் பரிசோதனைக்குப் போவார்? டெங்கு வந்தாலும் அதே கதை. கிருமியைக் கொல்ல என்று தனி மருந்து கிடையாது. ஆனால் நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்து, ரத்த அழுத்தத்தைக் கவனித்து, ஆளைக் காப்பாற்றுகிற வைத்தியம் உண்டு. 'மருந்து இல்லை' என்ற தலைப்பைப் படித்தவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்த வைத்தியம் யாருக்கு?

மருந்து தமிழில் அகன்ற சொல். வயலுக்கு அடிப்பதும் மருந்து, வெடியில் இருப்பதும் மருந்து. ஊர்ப்பக்கம் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்து "மருந்தைக் குடிச்சிருச்சுங்க" என்றால், நம் பக்கத்து நர்ஸ் பூச்சிமருந்து என்று அந்த நொடியே புரிந்துகொண்டு டப்பாவைக் கேட்பார். வேறு மாநிலத்திலிருந்து படிக்க வந்த இளம் மருத்துவருக்கு அதை யாராவது சொல்லித்தர வேண்டும். கிரேக்கத்தில் பார்மகான் என்றால் மருந்தும் நஞ்சும். பார்மசி அங்கிருந்து வந்தது. டானிக் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலத்தில் உடம்புக்கு வலுவூட்டுவது மட்டும் டானிக். இங்கே பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் எதுவும் டானிக். "பிள்ளைக்குக் காய்ச்சல் டானிக் கொடுங்க" என்று மெடிக்கலில் கேட்கிற அம்மா, அதைச் சத்துக்கு என்று நினைத்து அளவு கூட்டிக் கொடுத்துவிடக் கூடாது. பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

ரெமெடி மருத்துவத்தைவிட்டு வெளியே அதிகம் உலாவுகிற சொல். வீட்டு ரெமெடி என்று கைவைத்தியத்துக்குச் சொல்கிறோம். 2004 ஜூலையில் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறந்தபிறகு இங்கே வக்கீல் வாயில் தினமும் வருகிற சொல்லும் அதுவே. வேறு ரெமெடி இருக்கும்போது ரிட் போட்டால் நிற்காது என்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு பேசுவதும் ரெமெடியைத்தான். சட்டத் தமிழில் அதைத் தீர்வழி என்றும் பரிகாரம் என்றும் எழுதுகிறார்கள். பரிகாரம் என்றால் நம் ஆட்கள் சோழவந்தான் தாண்டிக் குருவித்துறைக்குப் போய்க் குருபகவானுக்கு அர்ச்சனை செய்வதை நினைப்பார்கள். தீர் என்ற வேர் நோய்க்கும் வழக்குக்கும் கடனுக்கும் பொதுவாக நிற்பதால் தீர்வழி எனக்கு உவப்பு.

இந்தச் சொற்களைச் சட்டமே பிரித்துப் பார்க்கிறது. மருந்துகள் மற்றும் மாய ரெமெடிகள் பற்றி 1954இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, விளம்பரங்களைக் கட்டுப்படுத்த. அதில் நோயைக் கண்டறிவது, கியூர், தணிப்பு, ட்ரீட்மென்ட், தடுப்பு என்று ஐந்தையும் தனித்தனியாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஒரு பட்டியலும் உண்டு. நீரிழிவு, புற்றுநோய், கிளாக்கோமா எல்லாம் அதில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள நோயைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது குற்றம். பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் மின்கம்பத்திலும் 'சர்க்கரை நோய் பரிபூரண குணம்' என்று ஒட்டுகிறவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்கள். நீரிழிவில் உலக வல்லுநர்கள் சொல்லை எவ்வளவு எண்ணி வைக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்லலாம். எடை குறைத்தும் வேறு வழியிலும் சிலருக்கு மருந்து இல்லாமலேயே சர்க்கரை சரியான அளவில் நிற்கிறது. 2021இல் அதற்குப் பெயர் வைக்கக் கூடியபோது கியூர் என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தும், சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரெமிஷன் என்றார்கள். நோய் பின்வாங்கியிருக்கிறது, திரும்பலாம், பரிசோதனையை விடாதே என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் சொல்லில் 'அடங்கியிருக்கு'.

தணிப்பு என்றேன். பாலியேடிவ் கேர் என்பதன் வேர் லத்தீனில் போர்வை. தீராத நோய்க்காரருக்கு வலியையும் மூச்சுத் திணறலையும் தணித்து, இருக்கிற நாளைப் பாடில்லாமல் கழிக்க உதவுவது. குறளில் நோய்நாடி நோய்முதல் நாடி என்று தொடங்கி 'அது தணிக்கும் வாய்நாடி' என்றுதான் வருகிறது. எத்தனையோ பேர் மேடையில் அதைச் சொல்லும்போது குணமாக்குவது என்று பொருள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தணிப்பது என்ற சொல் அங்கே இருப்பது, இந்த வேலை செய்கிற எனக்குப் பெரிய துணை.

கண்ணுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் மதுரை கண் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையால் கண்புரை ஆபரேஷன் தெற்கத்திச் சீமையில் வீட்டுப் பேச்சாகவே ஆனது. புரை நேரான கியூருக்கு நல்ல உதாரணம்: மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால், கண்ணில் வேறு கோளாறு இல்லாதவருக்குப் பார்வை திரும்பும். தெருவில் நாலு பேருக்கு அப்படித் திரும்பியதை அப்பா பார்த்திருக்கிறார். கண் நோய் என்றால் அவர் மனசில் இருந்தது அந்தப் படம். அதே கண்ணில் தீராத, ஆனால் காப்பாற்றிக்கொள்ளக்கூடிய நோயும் உண்டு என்று யாரும் அவருக்கு அவருடைய சொல்லில் சொல்லவில்லை.

இப்போது நான் எழுதும் தாள்களில், எந்த நோயானாலும் முதல் பத்தியிலேயே ஒரு வரி போடச் சொல்லிக் கேட்கிறேன்: இது தீருகிற நோயா, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நோயா, தானாக ஆறுகிறதா. வேலை கொடுப்பவர்கள் சில சமயம் அந்த வரியை வெட்டிவிடுகிறார்கள், மூலத்தில் இல்லை என்று. நான் மறுபடி எழுதி அனுப்புகிறேன். டாக்டரைப் பார்க்கப் போகும் சொந்தக்காரர்களுக்கும் இந்தக் கேள்வியைத்தான் சொல்லி அனுப்புகிறேன். "டாக்டர், இது தீருமா, இல்ல பார்த்துக்கிட்டே இருக்கணுமா? மருந்தை எப்ப நிறுத்தணும்?" நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே பதில் வருகிறது.

அப்பாவின் சொட்டு மருந்து ஃபிரிட்ஜ் கதவில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா அதை எடுத்துக்கொண்டு போவார். அப்பா கட்டிலில் அண்ணாந்து படுத்து, கீழ் இமையை விரலால் இழுத்துக்கொள்வார். சொட்டு விட்டதும் மூக்கோரத்தில் கண்ணின் உள்மூலையை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மூடியிருக்க வேண்டும், மருந்து தொண்டைக்கு இறங்காமல் இருக்க. "இன்னைக்கு எப்படிங்க இருக்கு?" என்று அம்மா கேட்பார். "அப்படியேதான் இருக்கு" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.